ரோஸின் சொந்தம்

அன்று என் வீட்டு வரவேற்பறையில் இருந்தவர்கள் இவர்கள்: நான், மரியசூசை. என் மகன் டெரன்ஸ். மருமகள் ஜெனட். காலமான என் மனைவி ரோஸின் தங்கை மோனிக்கா, செர்காமிலிருந்து வந்திருந்தாள். ஆராய்ச்சிக் குழுவிலிருந்து தேவிஸ்ரீ என்ற பெண், சிம்பாங் அம்பாட்காரி. எங்கள் அன்பியத்தின் செயலாளர் ஜோனாஸ், பாதி வரை மட்டும். வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டு சுசீலா தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் தன் வீட்டில் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லாருக்கும் தும்மல் வந்தது. அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்பியம் என்பது புக்கிட் ரம்பாயில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி நடத்தும் ஜெபம். அதற்கு நான் தலைவன். ஜோனாஸை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். விருந்துக்கு அல்ல, சாட்சிக்கு.

சாட்சி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

ரோஸுக்கு வலது முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைத்தார்கள். சில மாதங்கள் நன்றாகவே நடந்தாள். பிறகு முட்டி எப்போது தொட்டாலும் சுட்டது. தழும்பின் ஓரத்தில் ஊசி முனையளவு வாய் திறந்து நீர் கசிந்தது. மோனிக்கா செர்காமிலிருந்து பஸ் பிடித்து வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். கடைசியில், உள்ளே வைத்த உலோகத்தில் கிருமி பிடித்துவிட்டது என்று சொல்லி மறுபடியும் அறுத்து எடுத்தார்கள். அந்தப் படுக்கையிலேயே ரோஸின் இதயம் நின்றுபோனது.

மோனிக்கா செர்காம் பசாரில் மீன் விற்கிறாள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஒருவர் சொன்னார்: "மீன் அறுத்த கையாலே புண்ணுக்குக் கட்டு கட்டுனா, பிறகு வேற என்னா ஆவும்லா?" அவர் பெயரை எழுத மாட்டேன். அவரும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்.

அந்தக் கையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் குழாயடியில் நின்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, சோப்புப் போட்டு, மறுபடியும் சோப்புப் போட்டு, அதன்மேல் உறை மாட்டிக்கொண்டுதான் அக்காளின் காலைத் தொடுவாள். ரோஸ் சிரிப்பாள். "ஏண்டி, பூசைக்குப் போற சாமியாரா நீ? சீக்கிரம் வாடி, வலிக்குது."

ஆனால் அந்தப் பேச்சு மோனிக்காவின் காதுக்கும் போய்விட்டது. அதன் பிறகு அவள் எங்கள் வாசற்படி ஏறவில்லை. கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் உட்காருவாள். பூசை முடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விடுவாள். எங்கள் குடும்பத்துப் பெண் ஒருத்தியைப் பற்றி ஊர் இப்படிப் பேசியதில்லை. பேச நாங்கள் இடம் கொடுத்ததும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியின் கிருமி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து அழைத்தார்கள். ரோஸின் முட்டியிலிருந்து எடுத்த கிருமியை, அவளுடைய சம்மதத்தோடு, பாதுகாத்து வைத்திருந்தார்களாம். அவளோடு பழகியவர்களின் தோலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"எதுக்குப்பா? அம்மா போயிட்டாங்க. இனிமே தெரிஞ்சி என்னா பண்ணப் போறோம்?" என்றான் டெரன்ஸ்.

"தெரிஞ்சா வாயை மூடலாம்" என்றேன்.

"யார் வாயை?"

"எல்லார் வாயையும்."

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். முடிவு எதுவானாலும் என் வீட்டுக்கு வந்து, மோனிக்காவையும் உட்கார வைத்து, எல்லார் முன்னிலும் சொல்ல வேண்டும். வழக்கமாக அப்படிச் செய்வதில்லை என்றார்கள். அப்படியானால் வேறு வீடு பாருங்கள் என்றேன். மேலிடத்தில் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

பஞ்சு சுற்றிய குச்சியால் மூக்கில், உள்ளங்கையில், முழங்கை மடிப்பில், முட்டியில் என்று எல்லாருக்கும் தடவி எடுத்துப் போனார்கள். என் இடது முழங்கை மடிப்பில் அந்தக் குச்சி உருளும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முட்டி கெட்டுப்போன காலத்திலிருந்து ரோஸ் அந்த மடிப்பில்தான் கையைக் கோத்துக்கொள்வாள். கோயிலுக்கு, பசாருக்கு, கிளினிக்குக்கு, எங்கே போனாலும் அந்தக் கை அங்கேதான் இருக்கும். "என்னங்க, லோரி மாதிரி போறீங்க. பின்னால ஆள் இருக்குலா" என்பாள். நான் நடையைக் குறைப்பேன். இப்போதும் குறைத்துத்தான் நடக்கிறேன். இடது கையும் உடம்போடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி வளைந்தே வருகிறது. "கையை இறக்குங்கப்பா, யாராவது பார்த்தா கை வலியான்னு கேப்பாங்க" என்று டெரன்ஸ் சொல்வான். இறக்குவேன். நாலு வீடு தாண்டினால் அது மறுபடியும் தானாக ஏறிக்கொள்ளும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தேவிஸ்ரீ நல்ல பிள்ளை. கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்து, ஜெனட் கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டுப் பேசத் தொடங்கினாள்.

"அங்கிள், முதல்ல ஒண்ணு. ஆன்ட்டி முட்டியில இருந்த கிருமி அழுக்குல வர்ற கிருமி இல்ல. இது நம்ம எல்லார் தோல்லயும் இருக்கு. எனக்கும் இருக்கு. பாதர்கிட்டயும் இருக்கும்."

"பாதர்கிட்டயுமா?" என்று ஜோனாஸ் நிமிர்ந்தார்.

"எல்லார்கிட்டயும் அங்கிள். தோல்மேல இருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளையாதான் இருக்கும். ஆனா உள்ள இரும்பு, பிளாஸ்டிக்குன்னு ஏதாச்சும் வச்சா, சில ரகம் அதுல போய் ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டு மேல வழவழன்னு ஒரு கூரை போட்டுக்கும். மருந்து போனாலும் அந்தக் கூரையைத் தாண்டி உள்ள போவாது. எந்த ரகம் அப்படிச் செய்யுது, ஏன் செய்யுது, அதைத்தான் நாங்க தேடுறோம்."

"பேர் ஒண்ணுதானே? எப்படி ரகம் பிரிப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் ஜீனோமை முழுசாப் படிக்கிறோம். ஒரு கிருமிக்குள்ள சுமார் ரெண்டரை மில்லியன் எழுத்து இருக்கு அங்கிள். சீக்காளிகிட்ட எடுத்ததையும் நல்லா இருக்கிறவங்ககிட்ட எடுத்ததையும் எழுத்து எழுத்தா வச்சிப் பார்ப்போம். எங்க மாறுதுன்னு தெரிஞ்சிடும். ரெண்டு கிருமி எவ்வளவு நெருக்கம்னும் தெரிஞ்சிடும்."

மோனிக்கா கதவுக்குப் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்திருந்தாள். வந்ததிலிருந்து டீயைத் தொடவில்லை. தொட்டால் கை வெளியே தெரியும்.

"சரி, ரோஸ் முட்டியில இருந்தது எங்கேயிருந்து வந்துச்சு? அதைச் சொல்லும்மா" என்றேன். ஜோனாஸைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அது அவங்க சொந்தம், அங்கிள்" என்றாள் தேவிஸ்ரீ.

அந்த நேரத்தில் வெளியே மணல் லோரி ஒன்று ஹார்னை விடாமல் அடித்தது. ஜோனாஸின் கார் எங்கள் லோரோங் தெருவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. "அடடா, என் காடிதான்" என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். லோரிக்கு வழிவிடக் காரை எடுத்தவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பசி நேரம். என் சாட்சி அவ்வளவுதான் கேட்டது.

அவர் போன பிறகு தேவிஸ்ரீ சொன்னது இது. ரோஸின் சொந்தத் தோலில், அவள் உயிரோடு இருந்தபோதே மற்றக் காலில் எடுத்து வைத்திருந்ததிலும் அதே கிருமிதான் இருந்தது. எப்படி உள்ளே போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எவ்வளவு துடைத்தாலும் மயிர்க்கால்களுக்குள் கொஞ்சம் ஒளிந்திருக்கும். அறுக்கும்போதே போயிருக்கலாம்.

"மோனிக்கா ஆன்ட்டிகிட்ட எடுத்தது முழுக்க வேற. தூரத்து உறவுகூட இல்ல. உங்க கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல ஆன்ட்டி."

மோனிக்கா முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்தாள். டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். "ஆறிப்போச்சுடி ஜெனட், இன்னொண்ணு குடு" என்றாள். அவள் குரல் எங்கள் வீட்டில் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

டெரன்ஸுடையதும் ஜெனட்டுடையதும் வேறுதான். "ஆனா அங்கிள், உங்களுடையது..." என்று தேவிஸ்ரீ கொஞ்சம் தயங்கினாள். "உங்க இடது முழங்கை மடிப்புல எடுத்தது ஆன்ட்டியோடதேதான். ரெண்டரை மில்லியன் எழுத்துல மாறியிருக்கிறதை விரல் விட்டு எண்ணிடலாம்."

சுவரில் ரோஸின் படம் இருக்கிறது. அதைப் பார்க்கவில்லை. "நான் அவளுக்குக் குடுத்தேனா, அவ எனக்குக் குடுத்தாளா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது அங்கிள். ரொம்ப வருஷமா ஒண்ணா இருந்தவங்க. அது ரெண்டு பேர்கிட்டயும் போயிட்டும் வந்துட்டும்தான் இருந்திருக்கும். இதுல தப்புன்னு ஒண்ணும் இல்ல."

"அந்தச் சில எழுத்து ஏன் மாறிச்சு?"

"பிரிஞ்ச பிறகு ஒவ்வொண்ணும் தனித்தனியா மாறும் அங்கிள். உங்ககிட்ட இருக்கிறது இன்னும் மாறிக்கிட்டேதான் இருக்கும்."

அவள் கிருமியைத்தான் சொன்னாள். நான் எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இது எவ்வளவு காலம் இருக்கும்?"

"சிலது வருஷக் கணக்கா நிக்கும்."

"குளிச்சா போயிடுமா?"

அவள் முகம் இளகியது. நான் பயந்துவிட்டதாக நினைத்தாள். "சாதாரண சோப்புக்கெல்லாம் போவாது அங்கிள். வேர்ல உக்காந்திருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி தர்ற மருந்து சோப்பு இருக்கு, அதைத் தொடர்ந்து போட்டா நல்லாக் குறையும். உங்களுக்கு இதுனால ஒண்ணும் ஆவாது. நாளைக்கு முட்டி கிட்டி மாத்தணும்னா டாக்டர்கிட்ட இதைச் சொல்லிடுங்க, போதும். பயப்படாதீங்க."

"நன்றிம்மா" என்றேன். வாசல் வரை கூடவே போய் வழியனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. பிறகு மோனிக்காவே போன் செய்தாள்.

"அத்தான், சொந்தத்துல இருந்து வந்த கிருமியாம். டெஸ்ட்ல வந்துடுச்சாம். எங்க பசார்ல மீன் வாங்க வந்த பொம்பளை என்கிட்டயே சொல்லுது, நான் யாருன்னு தெரியாம. என் கை வேறன்னு அந்தப் புள்ள சொல்லிச்சுதானே? நான்தான் தப்பாக் கேட்டுட்டேனா?"

"நீ சரியாத்தான் கேட்ட."

"அக்கா வருஷ ஜெபத்துக்கு நான் வரலை அத்தான். மன்னிச்சிக்குங்க. அவ படத்துக்கு முன்னாடி எல்லாரும் என் கையைப் பார்ப்பாங்க."

நான் நேராக ஜோனாஸ் வீட்டுக்குப் போனேன். அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஜோனாஸ், அந்தப் பொண்ணு என்னா சொல்லிச்சு?"

"சொந்தம்னு சொல்லிச்சு அண்ணே. நான் என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"சொந்தம்னா?"

"சொந்தம்னா சொந்தக்காரங்கதான்லா. நீங்க, டெரன்ஸ், ஜெனட், மோனிக்கா. இதுல யாருன்னு நான் சொல்லலை அண்ணே. கடவுள் சாட்சியா ஒரு பேரும் சொல்லலை. ஊரே கணக்குப் போட்டுக்கிச்சு."

"இந்த வீடு உனக்கு என்னா வீடு?"

"என் சொந்த வீடு."

"சொந்தக்காரன் வீடா?"

அவர் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். தண்ணீர் அவர் செருப்பின்மேல் ஓடியது. "ஐயையோ" என்றார். "அவங்களோடதுன்னா சொல்லிச்சு? அப்பன்னா இப்ப என்னா பண்றது? நான் வீடு வீடாப் போயிச் சொல்றேன் அண்ணே."

"வேண்டாம். நீ போனா மூணாவது வீட்ல அது வேற கதையாயிடும். நான் சொல்லிக்கிறேன்."

வருஷ ஜெபத்தன்று காலையில் டெரன்ஸை அழைத்துக்கொண்டு செர்காம் போனேன். மோனிக்கா வீட்டு வாசலில் நின்று, "நீ வராம நான் ஜெபம் தொடங்க மாட்டேன். முப்பது பேர் பசியோட உக்காந்திருப்பாங்க. உன் இஷ்டம்" என்றேன். அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவோரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஜெபம் முடிந்தது. நான் உட்காரவில்லை.

"ஒரு வார்த்தை. ரோஸ் முட்டியில இருந்த கிருமி மோனிக்கா கையில இல்ல. டெஸ்ட்ல தெளிவா வந்திருக்கு. அது ரோஸ் தோல்ல இருந்தது. அவளோடது. சொந்தம்னு அந்தப் பொண்ணு சொன்னதுக்கு அர்த்தம் அதுதான். இல்ல, சொந்தக்காரங்கதான்னு இன்னும் யாராவது சொல்ல ஆசைப்பட்டா, அதுக்கும் ஆள் இருக்கு. அதே கிருமி இந்த வீட்ல ஒருத்தர்கிட்டதான் இருக்கு. என்கிட்ட. இந்தக் கையில. அப்படிச் சொல்றவங்க மரியசூசைன்னு பேரைச் சொல்லியே சொல்லுங்க. மறைக்க வேண்டாம்."

"அப்பா" என்றான் டெரன்ஸ், பல்லுக்குள்ளே.

முன்வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. அது சுசீலாவின் நாற்காலி. அவர் இந்து, ரோஸுக்காக வந்திருந்தார். அதற்கு நான் நன்றியுள்ளவன். ஆனாலும் நாற்காலி நகர்ந்தது.

எங்கள் அன்பியத்தில் ஜெபம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துச் சமாதானம் சொல்வது வழக்கம். கோவிட் காலத்தில் அது கும்பிடாகச் சுருங்கியது. பிறகு கைகள் திரும்பி வந்தன. அன்று நான் "சமாதானம்" என்று கையை நீட்டியபோது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கோவிட் நினைவு வந்துவிட்டது. அறை முழுக்கக் கும்பிடு.

மோனிக்கா கதவோரத்திலிருந்து எழுந்தாள். நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. என் இடது பக்கம் வந்து நின்றாள்.

"எங்க இருக்குன்னு சொல்லிச்சு அந்தப் புள்ள? இங்கதானே?"

"ம்."

முழங்கை மடிப்புக்குள் கையை நுழைத்தாள். உறை இல்லை. மீன் செதில் கீறிய, சுரசுரப்பான கை. பிடி மட்டும் அக்காளுடைய பிடி. கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயுமாக.

"எனக்கும் கொஞ்சம் குடுங்க அத்தான்" என்றாள். "எங்க அக்காவோடதுதானே."

டீ ஆறுகிறது என்று நான் ஜெனட்டிடம் சொன்னேன். டீ இன்னும் போடவே இல்லை என்றாள் அவள். மோனிக்கா கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றோம். முதலில் ஜோனாஸ் வந்து என் வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் மோனிக்காவின் கையையும் பிடித்தார்கள்.

இப்போது மோனிக்கா வாரா வாரம் வருகிறாள். பூசைக்கு என்னோடு நடக்கிறாள், ஆனால் கையைக் கோப்பதில்லை. அது ஊருக்கு வேறு பேச்சாகும் என்று இருவருக்கும் தெரியும். என் கை மட்டும் தன் பாட்டுக்கு வளைந்தபடி வருகிறது. டெரன்ஸ் இறக்கச் சொல்வதை விட்டுவிட்டான்.

ஜெனட்தான் விடவில்லை. என் முட்டிகளும் இப்போது படியேறும்போது சத்தம் போடுகின்றன. அவள் பார்மசியில் அந்த மருந்துச் சோப்பை வாங்கி வந்து குளியலறையில் வைத்தாள். ரோஜா நிறத்தில், போத்தலில் இருந்தது.

"மாமா, டெய்லி இதைப் போட்டுக் குளிங்க. அந்த டெஸ்ட் பண்ண அக்காவே சொன்னாங்கதானே, குறையும்னு."

"வேணாம்மா."

"நாளைக்கு உங்களுக்கும் முட்டி ஆபரேஷன்னா? அத்தைக்கு ஆனமாதிரி ஆவக் கூடாது மாமா."

"அன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்றேன். அது வரைக்கும் வேணாம்."

போத்தலை எடுத்துப் போய் அடுப்படி அலமாரியில் வைத்தேன். மறுநாள் அது குளியலறைக்குத் திரும்பி வந்திருந்தது. நான் மறுபடியும் எடுத்து வைத்தேன். "என் வீட்ல நான் எதைப் போட்டுக் குளிக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். டெரன்ஸ் உள்ளேயிருந்து, "விடு ஜெனட், அவர் விருப்பம்" என்றான். ஜெனட் என் கையைப் பார்த்தாள். பிறகு போத்தலைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் பேசவில்லை.

எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். சுசீலாவுக்குக் கொஞ்சம் கேட்டிருக்கிறது.

பெண்டாட்டி போன பிறகு மரியசூசை குளிப்பதையே விட்டுவிட்டார் என்று இப்போது சொல்கிறார்கள். தவறு. காலையும் மாலையும் குளிக்கிறேன். சாதாரணச் சோப்புப் போட்டு.